வெற்றுச் சுவர் குறையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வீட்டு அலங்காரம் பற்றி வரும் கட்டுரைகளைத் தவறாமல் வாசித்து வருகிறேன். பயனுள்ள குறிப்புகள் பல இருந்தாலும், புது வீட்டுக்குக் குடிபோகும் நாளிலேயே கூடம் முதல் படுக்கையறை வரை ஒரு சுவர்கூட மிச்சமில்லாமல் நிரம்பியிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவை வளர்க்கின்றனவோ என ஐயுறுகிறேன். விளக்கு, திரைச்சீலை, படுக்கை, அலமாரி ஆகியவை காத்திருக்க முடியாதவைதாம். ஆனால் சுவரில் மாட்டுவதையும் மாடத்தில் வைப்பதையும் ஓராண்டு தள்ளிப்போடுவதில் நன்மையே உண்டு.

சன்னல் வழியே வரும் வெயில் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் விழுவதில்லை. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதால் நண்பகல் சூரியன் ஓராண்டில் சுமார் 47 பாகை அளவுக்கு வடக்கும் தெற்குமாக இடம் மாறுகிறது. குடிவந்த மாதத்தில் நிழலாக இருந்த சுவர், ஆறு மாதம் கழித்து வெயிலில் காயக்கூடும். அங்கே மாட்டிய வண்ணப் புகைப்படமோ சாயத்துணியோ மெல்ல வெளிறிவிடும், வெளிறிய சாயம் திரும்ப வராது. கண்ணாடி போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தைக் கெடுக்க வல்லது.

புதிதாகக் கட்டிய சுவரின் ஈரம் முழுவதும் வற்றவே பல மாதங்கள் ஆகும் என்பதையும் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். இதில் அதிகம் பாதிக்கப்படுவது பழைய குடும்பப் படங்களே. ஃபிரேமில் படத்தைக் கண்ணாடியோடு நேராகப் பொருத்திவிட்டால், அதன் மேற்பூச்சிலுள்ள ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் படத்திலிருப்பவரின் முகமே உரிந்து வந்துவிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடும் மவுண்ட் அட்டையை, அதுவும் அமிலமற்றதாக, கேட்டு வாங்கிப் போட்டால் இது நேராது. மறுபிரதி இல்லாத படமென்றால் நகலெடுத்து நகலை மாட்டுவதே உத்தமம்.

இவையெல்லாம் பொருளைக் காப்பாற்றும் வழிகள். எந்தப் பொருளைக் காப்பாற்றுவது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் சமூகவியலாளர் யூஜின் ராக்பர்க்-ஹால்டனும் 1970களில் சிகாகோ வட்டாரத்தில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரிடம், வீட்டிலுள்ளவற்றில் தங்களுக்கு முக்கியமானவை எவை என்று கேட்டறிந்தார்கள். பொருளின் விலையையோ அழகையோவிட, அது யாரை நினைவூட்டுகிறது, எதிலிருந்து மிஞ்சியது என்பதே பதில்களில் மேலோங்கி நின்றது. முதியவர்கள் புகைப்படங்களையும் இளையவர்கள் பாட்டுப்பெட்டியையும் சுட்டினார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரே வீட்டிலிருப்பவர்களுக்குக்கூடப் பொருள்களின் அருமை ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே ஆள் ஒரே நாளில் முடிவு செய்யும் அலங்காரத்தில் மற்றவர்களின் பங்கு எப்படி இருக்கும்?

நடப்பதும் அதுதான். அம்மாவின் தையல் இயந்திரம் நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று பரணுக்குப் போகிறது. அதன் இடத்தில், யார் வீட்டிலும் இருக்கக்கூடிய ஒரு பூச்சாடி வந்து அமர்கிறது. பூச்சாடியின் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை.

ஆணி அடிக்குமுன் செய்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. படத்தின் அளவுக்குத் தாளை வெட்டி, நினைத்த இடத்தில் ஒட்டிச் சில நாள் விட்டுவைக்கலாம். (தங்கள் நாளிதழின் பழைய பிரதிகள் இதற்கு மிகவும் ஏற்றவை.) படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது காட்சிக்கூடங்களில் பரவலான வழக்கம், நின்று பார்ப்பவருக்கான கணக்கு அது. உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கும் அறையில் இன்னும் தாழ்த்தி மாட்டினால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

புத்தம் புதிய வீடுகளின் படங்களோடு, குடிவந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆன வீடுகளின் படங்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் ஏதேனும் ஒரு பொருள் அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்பதை அவ்வீட்டார் தம் சொற்களிலேயே எழுத இடமளித்தால் என்னைப் போன்ற வாசகர்கள் மகிழ்வோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்