அப்பாக்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் சாதி என்று உங்கள் நாளிதழில் வருகிற செய்திகளையும் கடிதங்களையும் விடாமல் படிக்கிறேன். வாத்தியாரைக் குறை சொல்கிறார்கள், அரசைக் குறை சொல்கிறார்கள், செல்போனையும் சினிமாவையும் சொல்கிறார்கள். சரி, எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சாதி பார்க்கிற பையனின் அப்பாவைப் பற்றி யாரும் வாய் திறக்கக் காணோம். திருநெல்வேலி மாவட்டத்தில் பல வருடம் வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் அதைத்தான் எழுதுகிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை, கூடப் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகும் படித்து, பொதுத்தேர்வில் 600-க்கு 469 வாங்கினான். இதையடுத்து அரசு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளியின் பெயரில் சாதி கூடாது, பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லாமே செய்ய வேண்டியவைதான். ஆனால் காலையில் கேட்டில் கழற்றச் சொல்கிற கயிறு சட்டைப் பைக்குள் போய், சாயங்காலம் மணி அடித்ததும் மறுபடி கைக்கு வந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால் "கோயில் கொடைக்கு எங்கப்பா கட்டி விட்டது சார்" என்பான். அப்பா கட்டியதை வாத்தியார் சொல்லி எந்தப் பையன் கழற்றுவான்?

எனக்குத் தெரிந்த இரண்டு பையன்கள், வேறு வேறு சாதி, ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ஒரே சைக்கிளில் டபுள்ஸ் வருவார்கள், ஒருவன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை இன்னொருவன் டிபன் மூடியில் ஊற்றிச் சாப்பிடுவான். ஒன்பதாம் வகுப்பில் சைக்கிள் தனித்தனியானது, பெஞ்சும் மாறியது. அப்புறம் ஒரு நாள் விளையாட்டில் ஏதோ சண்டை என்று பெரிய வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் ஒருவனைத் தேடி வந்தபோது, கூட்டாளி எங்கே இருக்கிறான் என்று காட்டிக் கொடுத்ததே இன்னொருவன்தான். அடி வாங்கியவனுக்கு உதடு கிழிந்தது. காட்டிக் கொடுத்தவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நாள் கழித்து, ஏண்டா அப்படிச் செய்தாய் என்று தனியாகக் கேட்டபோது அழுதுகொண்டே சொன்னான்: "டீக்கடையில எல்லாரும் எங்கப்பாவைக் கேலி பண்ணுவாங்க சார், ஒம் மகன் அவன்கூடத்தான் சுத்துறான்னு. அப்பா என்கிட்ட முகம் கொடுத்தே பேச மாட்டாரு. அன்னைக்கு ராத்திரிதான் என்கூட உக்காந்து சாப்பிட்டாரு."

அந்த வயதுப் பையனுக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். மார்க் வாங்கினால் கிடைக்காத பாராட்டு, கபடியில் ஜெயித்தால் கிடைக்காத பாராட்டு, கூட்டாளியை விட்டுக் கொடுத்தால் கிடைக்கிறது என்றால் அவன் எதைச் செய்வான்? அவன் மனசில் சாதி வெறி என்று ஒன்று அப்போது இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. அப்பா முகம் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. அடி வாங்கியவன் மட்டும் என்ன, உதடு ஆறிவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு வகுப்பில் யார் பக்கத்திலும் அவன் ஒட்டி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் அந்த அப்பா ஒருசேரக் கெடுத்தார் என்றே சொல்வேன்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர்தான். ஆனால் கூட்டத்துக்கு வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். அப்பாக்கள் வருவதே இல்லை, நாமும் கூப்பிடுவதில்லை. வருடத்தில் இரண்டு கூட்டத்தையாவது ஞாயிற்றுக்கிழமை வைத்து, அப்பா வந்தே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். கட்டிடம், கழிப்பறை பேசி முடித்ததும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: உங்கள் மகனுக்கு ஆறாம் வகுப்பில் யார் கூட்டாளி, இப்போது அவனோடு பேசுகிறானா, இல்லையென்றால் அவனை நிறுத்தச் சொன்னது யார்? மாவட்டக் கல்வி அதிகாரிகள் இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம், தனியாக நிதி எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்