ஜீரோ நிற்காத ரைபிள்

அன்பு மகள் செல்விக்கு,

நீ அனுப்பிய இலக்குத்தாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜீரோ, அதாவது குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாயிருப்பது, நிற்கவில்லை: போன வாரம் நடுவில் விழுந்த குண்டுகள் இப்போது 10 செ.மீ. வலப்பக்கம். ஆனால் துளைகள் மூன்றும் ஒட்டியே இருக்கின்றன. பிடி சரியில்லை என்று மாப்பிள்ளை சொல்வதைக் கேட்காதேம்மா. கை தடுமாறினால் துளைகள் சிதறும். இப்படிக் கூட்டமாக இடம் மாறுவது பெரும்பாலும் ரைபிளின் வேலை.

அதற்காக, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் குமிழைத் திருகிவிடாதே. இங்கே சிங்கப்பூரில், பாசிர் லாபா ராணுவப் பயிற்சித் திடலில் எம்16 ரைபிளை வைத்துக்கொண்டு படுத்துக்கிடந்த நாளில், குண்டுகள் ஒரே கூட்டமாக (குரூப்) விழாமல் குறிபார்க்கும் சைட்டைத் தொட எங்கள் சார்ஜன்ட் விடமாட்டார். திருகிவிட்டால் பழுது எது, நாம் மாற்றியது எது என்று பிரிக்கவே முடியாது.

முதலில் பேரலின், அதாவது குழலின், பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்று, அதன் அறையில் தோட்டா இல்லையென்று பார். பிறகு திருகுகள். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகுகள் கண்ணுக்குத் தெரியும். ஏமாற்றுவது வளையங்களைத் தாங்கும் பேஸில், அடியில் மறைந்திருக்கும் திருகுகள். ஸ்கோப்பை இறக்கித்தான் பார்க்க வேண்டும். முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் போகாதே. போல்ட் ஓடும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனை அதைத் தாங்கும் கட்டையான ஸ்டாக்கோடு பிடிக்கும் திருகுகளையும் விடாதே.

எனக்குச் சந்தேகமெல்லாம் உன் மாமனார் கொடுத்த .308 ரைபிளின் மர ஸ்டாக் மேல்தான். உங்கள் நியூசிலாந்து வெஸ்ட் கோஸ்ட் மழையில் நனைந்த மரம் உப்பி, பேரலை ஒரு பக்கமாகத் தள்ளும். டிசம்பர் மழையில் நம் ஈசூன் வீட்டுக் கதவு மூடாமல் அடம்பிடிக்குமே, அதே கதை. ஒரு ஐந்து டாலர் நோட்டை ஸ்டாக்கின் நுனியில் பேரலுக்கடியில் நுழைத்து, ஆக்‌ஷன் வரை இழுத்துப் பார். நடுவழியில் ஒரு பக்கம் சிக்கினால் அங்கே மரம் தொடுகிறது. நுனியில் மட்டும் இரு பக்கமும் ஒரே இறுக்கம் என்றால் அவசரப்பட்டுத் தேய்க்காதே. பழைய ரைபிள்கள் சிலவற்றில் வேண்டுமென்றே அங்கு ஒரு மேடு விட்டிருப்பார்கள்.

தோட்டா ஒரே பெட்டியிலிருந்து இருக்கட்டும். 150 கிரெயின் எடையுள்ள குண்டும் 180 கிரெயின் குண்டும் ஒரே இடத்தில் விழாது. மெல்லிய வேட்டைப் பேரல் சீக்கிரம் சூடாகும், ஆறவிட்டுச் சுடு. பேரல் குளிர்ந்திருக்கும்போது போகும் முதல் குண்டை மட்டும் தனியாகக் குறித்துவை. மானுக்குப் போவது அதுதானே.

இதற்கும் மசியாவிட்டால் ஸ்கோப்பைச் சோதி. குமிழை மேலே 20 கிளிக், வலம் 20, கீழே 20, இடம் 20. தொடங்கும்போதும் ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் அதே புள்ளியைக் குறிவைத்துச் சுடு. கிளிக்குக்குக் கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகரும் ஸ்கோப்பென்றால் 100 மீட்டரில் கிளிக்குக்கு ஏறக்குறைய 7 மி.மீ. கடைசிக் குண்டு தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லையா, உள்ளே பழுது. வேறு ஸ்கோப் கடன் வாங்கி மாட்டிப் பார்.

"மான் பாவம், காய்கறி வாங்கச் சொல்லுங்க" என்கிறாள் அம்மா. அங்கே மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பிராணி, காட்டைத் தின்று தீர்க்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஊஹும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. எதை மாற்றினாய் என்று தாளின் ஓரத்திலேயே எழுதி, படம் அனுப்பு. உங்கள் காலை எட்டு மணிக்கு இங்கே விடியாது. கொஞ்சம் பொறுத்து அழை.

அப்பா