பழைய அச்சுக்கு புது விலையா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மாடல் ரயில் டீசல் எஞ்சின்ல "அப்கிரேட்"னு சொல்லி வர்றதப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைப்பு. மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்ல சேகரிக்கிறவங்க ஏழெட்டு பேரு இருக்கோம், புதுசு வந்தாலே ரெண்டு கட்சிதான், வாங்கினவங்க 21 பின் டிகோடர் (எஞ்சின ஓட்டுற சிப்பு), ஸ்பீக்கர், ஓடுற பக்கத்துக்குத் தக்கபடி மாறுற லைட்டுனு பூரிச்சுப் போறாங்க, மத்தவங்க பாடி அதே பழைய அச்சுல வார்த்ததுதானே, இதுக்கா இத்தன வெள்ளினு கொதிக்கிறாங்க. நானும் கொதிக்கிற கட்சிதான். ஆனா போன மாசம் நண்பர் கொண்டாந்த புது அச்சுல வார்த்த பிரிட்டிஷ் டீசல் எஞ்சின் கிளாஸ் 37 மாடல பாத்தேன், கூரையில மெல்லிசா உலோக வலை, எட்டிப் பாத்தா உள்ள ஃபேன் தெரியுது, என்கிட்ட இருக்கிற பழசுல அந்த எடம் வெறும் பிளாஸ்டிக் வரி. அச்ச மாத்துனா காசு குடுக்கலாம், சிப்ப மட்டும் மாத்திட்டு கேக்கக்கூடாது.

இன்னொன்னு. அசல் கிளாஸ் 37 எஞ்சின செஞ்ச அதே இங்கிலிஷ் எலக்ட்ரிக் கம்பெனி 1957ல மலாயன் ரயில்வேக்கு குடுத்த டீசல், அப்பா ரப்பர் பால் வெட்டிட்டு வர்ற நேரம் தோட்டத்து ஓரமா உறுமிட்டுப் போவும், அத யாராவது மாடலா செஞ்சு தாங்களேன். நம்ம ரயில் பாதை அகலம் 1000 மி.மீ., 1:87 அளவுல (அசல்ல 87ல ஒரு பங்கு) 12 மி.மீ. தண்டவாளம் சரியா வரும். முன்பணம் கேட்டா இன்னிக்கே கட்டுறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாசகர்