உன் ரெண்டாவது போட்டோல இருக்கிறது நத்தையே இல்லடா

டேய் முரளி,

உயிரோடதான் இருக்கேன், கோவிச்சுக்காத. வேலை, வீடு, அதே கூத்து. டைவ்ல எடுத்த கடல் நத்தைன்னு நீ அனுப்புன போட்டோ ரெண்டும் வந்ததுலேர்ந்து மத்ததெல்லாம் கிடப்புல கிடக்கு, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

முதல்ல அந்த ஆரஞ்சு ஓரம் வச்ச வரிக்காரன். குரோமோடோரிஸ் குவாட்ரிகலர்னு பேர் போட்டிருக்க. நீ டைவ் அடிச்சது இந்தோனேசியால, அது இருக்கிறது செங்கடல், மேற்கு இந்தியப் பெருங்கடல் பக்கம். புக்ல முதல்ல கண்ணுல பட்ட படத்த புடிச்சுட்ட, அதான? அந்தப் பக்கம் இருக்கிறது குரோமோடோரிஸ் மாக்னிஃபிகா, அதுக்கும் கறுப்பு வரி, ஆரஞ்சு ஓரம் எல்லாம் உண்டு. ஆனா வரிய மட்டும் நம்பாத, 2018ல டிஎன்ஏ பாத்தவங்க ஒரே இனத்துக்குள்ளயே வரியும் கலரும் மாறுதுன்னு சொல்லிட்டாங்க. ‘மாக்னிஃபிகாவா இருக்கலாம்’னு எழுதி வை, போதும்.

ரெண்டாவதுதான்டா விஷயம். நீலம் கலந்த சாம்பல், கறுப்புக் கோடு, மேல மஞ்சள் மரு. செந்தில் உடனே ‘ஃபிலிடியா வரிகோசா, கேஸ் க்ளோஸ்’னுட்டான், அவனுக்கு எல்லாமே கேஸ் க்ளோஸ்தான். அந்த வரிகோசா நத்தைன்னா மரு முதுகு நெடுக வரிசையா மேடு மேடா ஓடும், முன்பக்கம் ரெண்டு மஞ்சள் கொம்பு நிக்கும், வயித்துப் பக்கம் பாதத்துல நடுவுல ஒரு கறுப்புக் கோடு இருக்கும், அந்தக் கோடு இல்லன்னா அதோட சொந்தக்கார இனம் ஃபிலிடியா செலஸ்டிஸா இருக்கலாம். மத்த பல நியூடிபிராங்க், அதான் ஓடில்லாத கடல் நத்தை, மாதிரி முதுகுல செவுள் கொத்த தேடாத, இதுங்களுக்கு அது பாதத்துக்கு மேல, ஓரத்துக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். இதெல்லாம் நினைச்சுக்கிட்டே பெருசு பண்ணிப் பாத்தா கொம்பே இல்ல! கீழ் ஓரத்துல வழுவழுன்னு பாதத்துக்கு பதிலா குட்டி குட்டியா குழாய்க் கால் எட்டிப் பாக்குது. நத்தையே இல்லடா, கடல் அட்டைக் குஞ்சு! பியர்சோனோதூரியா கிரேஃபின்னு ஒண்ணு, வளந்தா ஆளே வேற, சின்னதுல மட்டும் இந்த நத்தை வேஷம். ஸ்பான்ஜ் தின்னு விஷத்த சேத்து வச்சுக்கிற நத்தைய மீன் தொடாது, ஃபிலிடியாவ மீன் இருக்கிற டேங்க்ல போட்டா மீனே செத்துப் போகும், அந்தப் பேர வச்சு இது பொழைக்குது. நைட்டு தூக்கமே வரல எனக்கு.

இதுல ரேஞ்ச், அதாவது எந்த இனம் எந்தக் கடல்ல இருக்குங்கிற கணக்கு, ஒண்ணுத்துக்கும் உதவல, கவனிச்சியா? வேஷம் போடுறவன் அசல் இருக்கிற ஊர்லதான் இருந்தாகணும், இல்லன்னா எவன் ஏமாறுவான். குவாட்ரிகலர் விஷயத்துல காப்பாத்துன மேப், இங்க கைய விரிச்சிருச்சு.

சீரியஸா ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. நாம ரேஞ்ச் மேப்ப பாத்து பேர் வைக்கிறோம், அந்த மேப்ப வரைஞ்சதே உன்ன மாதிரி ஆளுங்க போட்ட பேர வச்சுதான். நீ இந்தோனேசியான்னு போட்டு குவாட்ரிகலர்னு ஏத்தி விட்டா, நாளைக்கு ஒருத்தன் அது அங்கயும் இருக்குன்னு நம்பிடுவான். அதுக்காக மேப்புக்கு வெளிய கிடைச்சதெல்லாம் தப்புன்னும் தள்ள முடியாது, செங்கடல்ல இருக்கிற கோனியோபிராங்கஸ் அன்னுலாடஸ், அந்த வெள்ளை உடம்பு மஞ்சள் புள்ளிக்காரன், இப்போ மத்தியதரைக் கடலுக்குள்ளயே போயிட்டான். எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்த தேதின்னு இல்லாம வெறும் பேர் மட்டும் இருந்தா எது நிஜமான பயணம், எது உன் கைங்கர்யம்னு எப்படிப் பிரிக்கிறது?

அதனால ஒரிஜினல் ஃபைல அனுப்பு, வாட்ஸப்ல நசுங்குனது வேணாம். சைடுல எடுத்தது இருந்தா அதுவும். அப்புறம் யாரும் பாதத்தப் பாக்குறேன்னு திருப்பிப் போட வேணாம்னு உன் டைவ் கோஷ்டிட்ட சொல்லு, அந்த மாமா இருக்காரே, அவர்ட்ட ரெண்டு தடவ சொல்லு.

செந்திலுக்கு நீயே விஷயத்த உடைச்சிடு. நான் சொன்னா ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வச்சுக்குவான்.

ரவி