போனைப் பிடுங்கினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், பிள்ளைகள் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எழுதியிருந்தார். பெற்றவர் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் சொன்ன வழியை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கோரிமேட்டில், ஏற்காடு மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் அவுட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பான் கார்டு, ரீசார்ஜ் எல்லாம் உண்டு. கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் படிக்கிற பிள்ளைகள். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களும் அதில் உண்டு. நாள் முழுக்க அவர்களோடு பேசுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். நெட்டில் ஒருவன் மிரட்டினால், அவனுக்குப் பயப்படுவதைவிட வீட்டுக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். போனைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் அவன் பிழைப்பே நடக்கிறது.

ஒரு பெண் வந்தாள். ஊர், கல்லூரி, வருஷம் எதையும் எழுத மாட்டேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி எழுதவும் கூடாது. பதினெட்டு வயது ஆகவில்லை. கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "அக்கா, நெட்ல போட்ட போட்டோவை எடுக்க முடியுமா?" என்று கேட்டாள். நெட்டில் பழக்கமான ஒருவன், அவள் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி அவளுக்கே அனுப்பியிருக்கிறான். பணம் வராவிட்டால் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவானாம். தோழியிடம் கடன் வாங்கி 1,500 ரூபாய் அனுப்பிவிட்டாள். மறுநாளே 3,000 கேட்டான். வந்த மெசேஜையெல்லாம் அழித்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி. "அம்மாகிட்ட சொன்னியா சாமி?" என்றேன். "சொன்னா காலேஜ நிறுத்திடுவாங்கக்கா" என்றாள்.

அழிக்கக் கூடாது, அந்த மெசேஜ்தான் சாட்சி. இனி ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. கொடுத்தால் அவன் திரும்பத் திரும்பக் கேட்பான். அவள் போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன். அவன் வைத்திருக்கிற பெயர் மட்டும் போதாது, அதை எந்த நிமிஷமும் மாற்றிக்கொள்வான். புரொபைல் லிங்க், பணம் போன யு.பி.ஐ. முகவரி, பரிவர்த்தனை எண் எல்லாம் தெரிய வேண்டும். அந்தப் படத்தை மட்டும் யாருக்கும், எனக்குக்கூட, அனுப்ப வேண்டாம் என்றேன். பிறகு கடையிலிருந்தே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட்டோம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடப்பது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், போக்சோ சட்டப்படி அது என் மேலும் குற்றம்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்கலாம். முடிந்தவரை, சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். யூனிஃபார்மில் வரக் கூடாது. எந்தக் காரணத்தைக் கொண்டும் இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. இந்தப் பெண் விஷயத்தில் அப்படியேதான் நடந்தது. சுடிதார் போட்ட ஒரு மேடம் அவள் சித்தி வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோ விருந்தாளி என்று நினைத்திருப்பார்கள். ஸ்டேஷன் படி ஏறினால் மானம் போய்விடும் என்று எத்தனையோ குடும்பங்கள் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கின்றன. சட்டத்தில் இருக்கும் இந்த நான்கு வரியை அவர்களிடம் யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

பதினெட்டு தாண்டியவர்கள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசலாம், cyber crime புகார்களுக்கான மத்திய அரசின் இணையதளத்திலும் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமல் தரவும் அதில் வழி இருக்கிறது. பணம் போயிருந்தால் 1930-ஐ உடனே கூப்பிட வேண்டும். அவன் எடுப்பதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. படம் பரவிவிடும் என்று பயந்தால், பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே படத்துக்கு ஓர் எண் அடையாளம் உருவாகும், அது மட்டும்தான் போகும். சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

பையன்களைப் பெற்றவர்கள் நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று இருந்துவிடுகிறார்கள். பையன்களையும் இதே மாதிரி வீடியோ கால் போட்டு மிரட்டுகிறார்கள். அதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. பாஸ்புக் ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பையனிடம், எதுக்குப்பா என்று கேட்டேன். "தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் அக்கவுண்ட்ட வாடகைக்குக் கேட்டாருக்கா, ஏ.டி.எம். கார்டும் சிம்மும் குடுத்தா மாசாமாசம் கமிஷன்" என்கிறான், ஏதோ பார்ட் டைம் வேலை கிடைத்த சந்தோஷத்தில். எவரையோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். கணக்கு முடங்கும், வேறு மாநிலப் போலீஸ் தேடி வரும்போது அண்ணன் இருக்க மாட்டான், பாஸ்புக்கில் பெயர் உள்ள பையன்தான் இருப்பான். அன்று ஜெராக்ஸ் எடுத்துத் தரவில்லை. அவன் அப்பாவை வரச் சொல்லிப் பேசினேன்.

கடையில் தினமும் பார்க்கிற இன்னொன்று. பிரிண்ட் எடுக்க எங்கள் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறக்கிறார்கள், காகிதத்தை வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுகிறார்கள். அவர்களுக்கு வரும் மெசேஜ் எல்லாம் இங்கே ஓடிக்கொண்டிருக்கும். நான் லாக் அவுட் செய்துவிடுவேன், எல்லாக் கடையிலும் செய்வார்களா? உங்கள் பிள்ளையின் போனில், வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியை இன்றைக்கே திறந்து பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம். ஆதாரிலும் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற நகலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பல இடங்களுக்கு அதுவே போதும்.

ஏற்காட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றுகொண்டே ஸ்டோரி போட்டால், இந்த நிமிஷம் நீங்கள் எங்கே, யாரோடு என்பது ஊருக்கே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று வைக்கலாம். மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால் புள்ளி நகரவில்லை என்று அம்மாக்கள் பதற வேண்டாம். ஆபத்தென்றால் 112. லைசென்ஸ் வயது வராத பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற விடும் அப்பாக்களே, விபத்து நடக்காவிட்டாலும், அவன் ஓட்டிப் பிடிபட்டாலே உங்களுக்கு 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. 25 வயது வரை அவனுக்கு லைசென்ஸும் கிடைக்காது.

எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் போனைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நேரம் வையுங்கள், சமூக ஊடகத்தில் கணக்கு ஆரம்பிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். பிறந்த வருஷத்தைப் பொய்யாகப் போட்டுத்தான் பல பிள்ளைகள் கணக்கு தொடங்குகிறார்கள். சிறுவர்களுக்கென்று நிறுவனங்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு எதுவும் அப்புறம் அவர்களுக்குக் கிடைக்காது. ஆனால் எந்த வயதானாலும், ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் இதைச் சொல்லி வையுங்கள்: "உனக்கு எது நடந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு. போனை வாங்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்." சொன்னால் அதன்படி நடக்கவும் வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மா அப்படி நடந்தார். அவள் இப்போதும் கல்லூரிக்குப் போகிறாள், போனும் அவளிடமே இருக்கிறது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கொலுசுப் பட்டறை உள்ள ஊர் என்பதால் சேலத்தில் காலையில் பேப்பரை எடுத்ததும் பலர் தேடுவது வெள்ளி விலையைத்தான். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் 1098, 1930, பெண்கள் உதவி எண்ணான 181, 112 ஆகிய எண்களைத் தினமும் சின்னதாகப் போட முடியுமா? போக்சோ செய்தி வரும் நாளில், யூனிஃபார்ம் இல்லாத பெண் அதிகாரி வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க சட்டத்தில் வழி உண்டு என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
கோரிமேடு, சேலம்.