தெற்கு சூடான், மலக்கால் ஊரில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். பதிமூன்று நாளாகப் போன் இல்லை. டவர் கிடைக்கவில்லை என்பாய், சரி. அம்மாவிடம் மட்டும் இரண்டு தடவை கிடைத்திருக்கிறது.

அக்னி நட்சத்திரம் முடிந்தும் கம்மவான்பேட்டையில் வெயில் இறங்கவில்லை. முள்ளு கத்தரிக்காய் வாங்கினால் அம்மா உன்னை நினைத்துக்கொண்டு சமைக்காமலே வைத்துவிடுகிறாள். கணியம்பாடி விஷயம் அப்படியேதான் கிடக்கிறது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஷூவைக் கட்டில் பக்கத்திலேயே வை. வண்டித் தடத்தை விட்டுக் கால் வைக்காதே. புல் மூடிய பாதையில் ஆள் நடக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அவசரம் என்றால் அங்கே ஐ.நா. படையில் நம் இந்தியப் பட்டாளம் இருக்கிறது, போய் நில்.

நம்ம ஊரில் வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துக்காரன்தான். ஆனால் சண்டை நடக்கிற இடத்துக்குக் கையில் துப்பாக்கி இல்லாமல் போனவள் நீதான் என்று டீக்கடையில் சொல்லிக்கொள்கிறேன். வேலூரிலேயே நர்ஸ் வேலை இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

படையில் சேர்க்கப்படும் பிள்ளைகளைப் பற்றி நீ விட்டுப்போன காகிதங்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையில் பதினைந்து வயசுக்குக் கீழே யாரையும் சண்டையில் இறக்கிவிடக் கூடாது என்றிருக்கிறது. 2000இல் அதைப் பதினெட்டாக்கினார்கள். இயக்கங்கள் பதினெட்டுக்குக் கீழே யாரையும் சேர்க்கவே கூடாதாம். அரசாங்கம் மட்டும் பதினாறு வயசுப் பையன் தானாக வந்தால் சேர்த்துக்கொள்ளலாம், சண்டைக்கு அனுப்பக் கூடாது. இது என்ன நியாயமோ. காங்கோவில் சிறுவர்களைப் படையில் சேர்த்த லுபாங்காவுக்கு 2012இல் பதினாலு வருஷம் ஜெயில் என்ற இடத்தில் மூடி வைத்துவிட்டேன்.

போன லீவில் நீ கேட்டாய், "அமைதிப்படையில் இருந்தப்போ சின்னப் பசங்களைப் பார்த்தீங்களா நைனா?" நான் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டேன். மாடு கட்டியே இல்லை, நீயும் பார்த்தாய்.

1987 ஐப்பசி, யாழ்ப்பாணப் பக்கம். மழை. முந்தின நாள்தான் என் கூட்டாளி போய்ச் சேர்ந்தான். ஒரு பையனைப் பிடித்தோம். துப்பாக்கி அவன் உயரத்துக்கு இருந்தது. எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். வயசு கேள் என்றார் அதிகாரி. கேட்டேன். "பதினாலு அண்ணை" என்றான். நான் திரும்பி, "அட்டாரா சாப்" என்றேன். பதினெட்டு. லாரியில் ஏற்றினார்கள். எந்தப் பக்கம் போனது என்றுகூட நான் கேட்கவில்லை.

அவன் இருந்தால் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பான். மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாம் பக்கம் போகும்போது யாராவது அண்ணை என்று கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் குழந்தை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீ சொல்வாய். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை பாப்பா.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். என்னோடு பேச வேண்டாம் என்றாலும் சரி, ஒரு மிஸ்டு கால் கொடு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அங்கே வருகிற பிள்ளைகளிடம் வயசு கேட்கும்போது, நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவன் யார் என்று பார். வேறொரு ஆளை வைத்து இன்னொரு தடவை கேள்.

நைனா