முந்நூறாவது பெட்டி

உடன்குடி,
தை 18

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வாக்கரைப் பிடித்து நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். வீட்டுப் பின்புறம் மழையில் சரிந்த சுவரை ஒருவழியாகக் கட்டி முடித்தோம். பதில் போடத் தாமதித்ததற்குக் கோபிக்காதே. மார்கழியில் சென்னைக் கைவினைக் கண்காட்சியில் எங்கள் பனையோலைப் பெட்டிகளோடு கடை போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. நேற்றுத்தான் பார்சல் போட்டோம்.

நீயும் மாசிக் கடைசியில் துணிப் பொம்மைகளோடு கோவையில் முதல் கடை போடப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு நம் கைவேலை வகுப்புதான் ஞாபகம் வந்தது. என் தையல் கோணிக்கொண்டு போகும், நீ அதைப் பிரித்துத் திரும்பப் போட்டுக் கொடுப்பாய். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் விலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாமான் எதையாவது மறந்து போனால் அங்கே வாங்கிக்கொள்ளலாம். விலையை வீட்டில் யோசிக்காமல் போனால் அங்கே யோசிக்க நேரம் இருக்காது.

எங்கள் மூடிப்பெட்டி உனக்குத் தெரியும்தானே, ஆறு அங்குலம், சிவப்பும் பச்சையும் கலந்து முடைவது. குருத்தோலையை வெட்டிக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்தி, மறுபடி ஈரம் காட்டி முடைய வேண்டும். ஓலைக்கும் சாயத்துக்கும் 40 ரூபாய். முடைய 4 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் கூலி 240. ஆக, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அந்தப் பெட்டி 280 ரூபாய். அப்புறம் கடைச் செலவு: நாலு நாள் வாடகை 14,000, சரக்கு லாரியில் போகவர 3,800, செந்தூர் எக்ஸ்பிரஸில் இரண்டு பேர் போய்வர 1,800, தங்கல் 6,000, சாப்பாடும் ஆட்டோவும் 2,400. கூட்டிப் பார், 28,000. 280 உருப்படி விற்கும் என்று நினைத்து, சராசரியாக ஒன்றுக்கு 100 ரூபாய் பங்கு போட்டேன். விசிறிக்குக் குறைவு, பெரிய கடகப் பெட்டிக்குக் கூடுதல், மூடிப்பெட்டிக்குச் சரியாக 100. என் உழைப்புக்கும் விற்காமல் திரும்பி வருவதற்கும் 70. மொத்தம் 450. இதை நோட்டில் எழுதி, ஒவ்வொரு பெட்டியிலும் விலைச் சீட்டைக் கட்டித்தான் கொண்டு போனேன். விற்றது 211 உருப்படிதான். அதனால் பங்கு 100 என்பது கிட்டத்தட்ட 133 ஆகிவிட்டது. அடுத்த கடைக்குக் கணக்குப் போடும்போது, எதிர்பார்க்கிறதில் முக்கால்வாசிதான் விற்கும் என்று வைத்துக்கொண்டு போடப்போகிறேன். நீயும் அப்படியே போடு.

இவ்வளவு எழுதி வைத்தும் இரண்டாம் நாள் சாயங்காலம் தவறினேன். எங்களுக்குச் சுவரோரம் இடம் என்று சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மேற்குப் பார்த்த மூலை, பின்னால் ஜெனரேட்டர். மத்தியானம் ஆனதும் வெயில் நேரே சாமானில் விழுகிறது, சாய ஓலை வெளுத்துவிடுமே என்று சேலையை எடுத்து மறைத்துக் கட்டினேன். கூட்டம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. முதல் நாள் முழுக்க விற்றது 19 உருப்படி. மறுநாள் ஆறரை மணி வாக்கில் ஒரு அம்மா வந்து இரண்டு மூடிப்பெட்டியைக் கையில் எடுத்து, "இரண்டும் சேர்த்து 500 தருகிறேன்" என்றார்கள். வாடகை, லாரி எல்லாம் மனசுக்குள் ஓடியது. சரி என்று கொடுத்துவிட்டேன்.

பெட்டிகளை முடைந்த சித்தி எனக்குப் பின்னால்தான் பாய் விரித்து உட்கார்ந்து முடைந்துகொண்டிருந்தாள். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அறையில் நான் பணத்தை எண்ணும்போது மெதுவாகக் கேட்டாள்: "அப்பம் நம்ம பெட்டி எறநூத்தம்பதுதான் பெறுமோ?"

குறை சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். நாற்பது வருஷமாக முடைகிறவள், தன் பெட்டியின் விலையை அன்றைக்குத்தான் முதன்முதலாக நேரில் பார்த்திருக்கிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. ஓலைக்காரருக்கு 40 கொடுத்தாயிற்று, அது குறையாது. வாடகை குறையாது, ரயில் டிக்கெட் குறையாது. நான் விட்டுக்கொடுத்தது என் காசை இல்லை, சித்தியின் நாலு மணி நேரத்தை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு யார் உரிமை தந்தது? காலையில் அவள் கூலியை முழுசாகவே எழுதிக் கொடுத்தேன், நஷ்டத்தை என் கணக்கில் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. குறைத்துக் கேட்டவர்களிடம் சீட்டைக் காட்டி, "இதை முடைய நாலு மணி நேரம் ஆகும், முடைகிறவர்கள் இதோ இருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். சிலர் போய்விட்டார்கள். பலர் குனிந்து சித்தியின் கையைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாங்கினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், பொம்மை தைக்கிற பெண்களில் ஒருத்தியையாவது கூட்டிக்கொண்டு போ. ஒரு ஆள் செலவு கூடுமே என்று பார்க்காதே. விற்பனைக்கு நிற்கிற நம் வாயை விட, வேலை செய்கிற அந்தக் கை நன்றாகப் பேசும். மூன்றாம் நாள் சித்தியைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டு வந்து உட்கார வைத்தேன். பிள்ளைகள் வட்டமாக நின்றுவிட்டார்கள். மிச்ச ஓலையில் கிலுக்கும் கிளியும் செய்து கொடுத்தாள். பிள்ளைகள் நின்றதும் பெற்றவர்கள் நின்றார்கள். அன்றைக்கு மட்டும் 84 உருப்படி போனது.

கல்யாண ஆர்டரும் அன்றைக்குத்தான் வந்தது. தாம்பூலப் பெட்டி 300 வேண்டும், பிளாஸ்டிக் டப்பாவே வைக்கக் கூடாது என்று வீட்டில் முடிவு என்றார்கள். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் தடை வந்ததிலிருந்து இப்படிக் கேட்டு வருகிறவர்கள் உண்டு, எங்களுக்கு அது பெரிய பலம். கடையில் அந்தப் பெட்டி 170. "முந்நூறு எடுக்கிறோமே, பாதி விலைக்குத் தர மாட்டீர்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், எல்லா இடத்திலும் அப்படித்தானே நடக்கிறது. மெஷின் என்றால் முந்நூறு ஓட்டும்போது ஒன்றின் செலவு குறையும். கையில் அப்படி இல்லை. முதல் பெட்டிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் முந்நூறாவது பெட்டிக்கும் அதே ஒன்றரை மணி நேரம்தான். விரல் வலி வேண்டுமானால் கூடும். இதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். ஆனால் குறைக்க முடிந்த ஒன்று இருந்தது: அந்த 170-இல் 40 ரூபாய் கடைச் செலவுப் பங்கு. ஆர்டரை ஊரில் வைத்துத்தானே முடையப்போகிறோம், அந்த 40-ஐ அவர்களிடம் வாங்குவது சரியில்லை. கழித்துவிட்டு, பார்சலுக்குப் பத்து ரூபாய் சேர்த்து 140 என்றேன். கூலி 90, ஓலைக்கும் சாயத்துக்கும் 15, எனக்கு 25, பார்சல் 10 என்று தாளில் பிரித்துக் காட்டியதும் அந்த அம்மா மறுபேச்சில்லாமல் 21,000 முன்பணம் அனுப்பிவிட்டார்கள். ஏட்டி, எதைக் குறைக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது தெரிந்திருந்தால் பேசும்போது குரலே மாறிவிடுகிறது.

நாள் சொல்வதிலும் ஜாக்கிரதையாக இரு. முந்நூறுக்கு 450 மணி நேரம். நாங்கள் ஆறு பேர், வீட்டு வேலை போக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் உட்காரலாம். பதினைந்து நாளில் முடியும் என்று கணக்கு சொன்னது. நான் 25 நாள் கேட்டேன். நல்லவேளை கேட்டேன். இடையில் ஒரு வீட்டில் துக்கம், அப்புறம் ஓலை வெட்ட ஆள் கிடைக்காமல் நாலு நாள் போனது. மரம் ஏறுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது நல்ல காரியம், ஆனால் நிற்கிற மரத்தில் ஏறவும் ஆள் வேண்டுமே. செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போகும்போதெல்லாம், குருத்து எடுக்க ஆளில்லாமல் காய்ந்த காவோலை தொங்கும் மரங்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பக்கத்துக் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒடிசா ரகுராஜ்பூர்க்காரர். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பட்டச்சித்திரம் என்கிற துணி ஓவியம் எழுதுவார்கள். இவர் பனையோலையில் எழுதுகிறவர். ஓலைகளை நூலால் கோத்து, எழுத்தாணியால் கீறி, கீறலில் கரியைத் தேய்த்துத் துடைப்பார். படம் கறுப்பாக எழுந்து வரும். சித்திக்கு ஒடியா தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. சித்தி தன் ஓலையை அவரிடம் நீட்டினாள், அவர் விரலால் நீவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு அவர் ஓலையை இவள் நீவிப் பார்த்தாள். நாலு நாளும் அவர் சாப்பிடப் போனால் அவர் கடையை நாங்கள் பார்த்தோம், நாங்கள் போனால் அவர் பார்த்தார். நீயும் போனதும் முதல் வேலையாகப் பக்கத்துக் கடையில் பேசிப் பழகிக்கொள். கைவினைஞர் அடையாள அட்டை வாங்கு என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு தருகிற 'பெஹ்சான்' அட்டை. அது இருந்தால் அரசு நடத்துகிற கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்கலாம். டெல்லி ஹாட் என்கிற கைவினைச் சந்தையில் பதினைந்து நாள் கடை போட்டதாகச் சொன்னார். எங்கள் ஆறு பேருக்கும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மேஜை விரிப்பு தரை வரை தொங்கட்டும், காலி அட்டைப்பெட்டிகளை உள்ளே தள்ளிவிடலாம். பொம்மைகளைத் தரையில் பரப்பாதே, குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. கண்ணுக்கு நேராக ஒரு தட்டு வேண்டும், பழைய ஏணி ஒன்று போதும். இரண்டு எல்இடி விளக்கும் நீளமான ஒயரும் சொந்தமாக இருக்கட்டும். க்யூஆர் அட்டை வைத்தாலும் கூட்டம் சேர்ந்தால் நெட்வொர்க் நின்றுவிடும், அதனால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாளாக 2,000 ரூபாய்க்குச் சில்லறை வைத்துக்கொள். எது விற்றது, எதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள், எதை யாரும் தொடவே இல்லை என்று ராத்திரி நோட்டில் எழுது. நான் உயிராக நினைத்த பூ வேலைக் கூடையை நாலு நாளில் ஒருத்தர் தொடவில்லை. சாயமில்லாத சாதாரண வெள்ளோலைச் சுளகு, அதான் முறம், இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. ஜிஎஸ்டி பற்றிக் கேட்டிருந்தாய். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் மட்டும் விற்கிறாய் என்றால் வருஷ வரவு 40 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு கட்டாயம் இல்லை. வெளி மாநிலத்துக்குப் போவதானால் விதி வேறு, ஒரு ஆடிட்டரைக் கேட்டுக்கொள்.

சரக்கைத் தரையில் மட்டும் வைக்காதே. 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே. பொங்கல் விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் அடியில் இருந்தவை மிதந்தன, மேலே தப்பியவற்றில் பத்து நாளில் பூஞ்சை பிடித்தது. சித்தியும் நானும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அடுப்பில் போட்டோம். இப்போதெல்லாம் எங்கள் சரக்கு பரணில்தான் இருக்கிறது. துணியும் ஈரத்தை இழுக்கும், கவனமாக இரு.

கடைசி நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எழுபது வயசுக்கு மேலிருக்கும் ஒரு ஐயா, கடையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "நீத்துப்பெட்டி இருக்கிறதா?" என்று கேட்டார். நான் கேள்விப்பட்டதே இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவராம். அங்கே புட்டு அவிக்கிற ஓலைப் பெட்டிக்கு அதுதான் பெயர். கூம்பு மாதிரி முடைந்து, தண்ணீர் கொதிக்கிற பானை வாயில் செருகி, உள்ளே மாவைப் போட்டு மூடிவிட்டால் ஆவியிலேயே வேகும். அம்மா அவித்த புட்டின் ஓலை வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது என்றார். எங்கள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். சித்தி அதை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, "வாய்ப்பக்கமிருந்து ஆரம்பிக்காம நுனியிலருந்து எடுத்தா வரும்" என்றாள். ஐயாவின் விலாசத்தை வாங்கி வைத்திருக்கிறோம்.

கல்யாண ஆர்டரில் தன் பங்கு முடிந்த கையோடு சித்தி நீத்துப்பெட்டி முடைய உட்கார்ந்துவிட்டாள். ஆவியில் வைப்பதால் சாயம் போடாத வெள்ளோலைதான். முதல் இரண்டும் நுனியில் வாய் பிளந்துவிட்டன. மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது. அதே அளவில் இரண்டு முடைந்து, ஒன்றை ஐயாவுக்கும் இன்னொன்றை உனக்கும் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தோடு வரும். உன் அம்மாவுக்குப் புட்டு என்றால் உயிராயிற்றே. தண்ணீரில் ஒருமுறை நனைத்துவிட்டு அவித்துப் பார். ஆவி பக்கவாட்டில் கசிகிறதா, நுனியில் இருக்கிற மாவும் வேகிறதா, இரண்டையும் பார்த்து எழுது. விலை இன்னும் போடவில்லை. எத்தனை மணி நேரம் ஆனது என்று சித்தி சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி